'ரத்த மாத்திரை' என்றால் எந்த மாத்திரை?

1/
"டாக்டரம்மா, அம்மா ரத்த மாத்திரை மட்டும்தான் சாப்பிடுறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

போன வருஷம் ஒரு ராத்திரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ட்யூட்டியில் இருந்தபோது ஒரு மகன் சொன்ன வாக்கியம் இது. இதில் ஒரு சொல் கூட பொய் இல்லை. ஆனாலும் இந்த வாக்கியம் அந்த அம்மாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

கொஞ்சம் நீளமான இழை. தினமும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படிங்க.

2/
பகலில் ராஜபாளையத்தில் கிளினிக். வாரத்தில் சில இரவுகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையில் ட்யூட்டி. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் மில்லுக்கோ தறிக்கோ போகிறவர்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வேலை பார்க்கிறவர்களும் உண்டு. காயத்துக்குக் கட்டும் துணி அந்தப் பக்கம் நிறைய நெய்யப்படுகிறது.

இந்த அம்மாவும் அந்தப் பக்கம்தான். 58 வயது. அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

3/
சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டி நாலு தையல் போட்டார்கள். மகன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். "ராத்திரி எங்க வீட்டுல இருக்கட்டும்"னு அழைத்து வந்துவிட்டார். பத்தரை மணிக்குத் தலைவலி, ஒரு தடவை வாந்தி. பதினொரு மணிக்கு எங்களிடம் வந்தார்கள்.

தையல் போட்ட இடத்துச் சீட்டு கையில் இருந்தது. அதில் ஒரு வரி: 'கே/சி/ஓ எச்டி'. ஏற்கனவே ரத்த அழுத்த நோய் உள்ளவர் என்று அர்த்தம். அந்த மருத்துவரும் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"னு கேட்டிருக்கிறார். "ரத்த மாத்திரை"ன்னு பதில் வந்திருக்கிறது. பிரஷர் மாத்திரை என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்.

4/
நான் என்ன செய்தேன்? அதையேதான் செய்தேன்.

சீட்டைப் பார்த்தேன். மகனிடம் கேட்டேன். "ரத்த மாத்திரை" என்றார். சீட்டும் அவர் சொன்னதும் ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கம்ப்யூட்டரில் 'ஹைப்பர்டென்ஷன்' என்ற கட்டத்தை டிக் செய்தேன். பிரஷர் 130/80. நல்ல நினைவோடு பேசினார்.

"வேற எதுவும் வியாதி உண்டாம்மா?"

"சின்ன வயசுலேர்ந்து வாதம் உண்டு தாயி."

மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டேன். 58 வயதில் நம்மூரில் யாருக்கு மூட்டு வலி இல்லை? "இன்னைக்கு ராத்திரி வார்டுல வச்சுப் பார்ப்போம். தேவைப்பட்டா காலையில ஸ்கேன் எடுப்போம்"னு எழுதினேன்.

5/
அந்த அம்மாவைக் காப்பாற்றியது நான் இல்லை. வாந்தி பட்ட சேலையை மாற்றிவிட்ட சிஸ்டர்தான்.

பத்து நிமிஷத்தில் ஓடி வந்தார். "டாக்டர், நெஞ்சு நடுவுல நீளமா ஆபரேஷன் தழும்பு இருக்கு."

எழுந்து போய் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன். வந்தவுடன் முதுகில் வைத்து மூச்சு மட்டும் கேட்டிருந்தேன். முன்னால் வைத்ததும் 'டிக், டிக்' என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். உலோக வால்வு. யாரோ எப்போதோ இவருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

6/
மகனை மறுபடி கூப்பிட்டேன். "எந்த ரத்த மாத்திரைப்பா?"

"ரத்தம் கட்டிடாம இருக்கப் போடுறது டாக்டரம்மா. வால்வு மாத்தினதுலேர்ந்து போடுறாங்க. அதைத்தான் நாங்க வீட்டுல ரத்த மாத்திரைன்னு சொல்வோம்."

அந்த அம்மா சொன்ன 'வாதம்' மூட்டுத் தேய்மானம் இல்லை. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல். தொண்டையில் வரும் ஒரு கிருமித் தொற்றுக்குப் பிறகு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே இதய வால்வைத் தாக்கிக் கெடுத்துவிடும் நோய். அதனால் கெட்டுப்போன வால்வைத்தான் பிறகு மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் சரியான பதில் வந்தது. இரண்டையும் நான் தப்பாக எழுதினேன்.

7/
ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம்?

உலோக வால்வு வைத்தவர்களுக்கு அந்த வால்வில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது. அதற்காக வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்ற மாத்திரையை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஐஎன்ஆர் என்ற பரிசோதனை காட்டும். சாதாரண ஆளுக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்போம்.

இந்த மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால் 'காலையில் பார்ப்போம்' என்ற பேச்சே கிடையாது. உடனே ஸ்கேன்.

8/
ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய ரத்தக் கசிவு. ஐஎன்ஆர் 4.8.

உறைதலை மீட்கும் ஊசி போட்டு, பிளாஸ்மாவுக்கு ஏற்பாடு செய்து, மதுரைக்கு அனுப்பினோம். ரெஃபரல் கடிதத்தில் மாத்திரையின் பெயரை முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதினேன். நாலு நாள் ஐசியு. தலையில் ஆபரேஷன் தேவைப்படவில்லை. பத்து நாளில் வீடு திரும்பினார்.

காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

9/
ஐஎன்ஆர் ஏன் 4.8-க்கு ஏறியது? பிறகு விசாரித்தபோது இன்னொரு கதை வந்தது.

முந்தின வாரம் பல் வலி. மருந்துக்கடையில் மாத்திரை கேட்டிருக்கிறார். கடைக்காரர் பொறுப்பாக, "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா அக்கா?"னு கேட்டிருக்கிறார். இவர் "ரத்த மாத்திரைதான்" என்றிருக்கிறார். கடைக்காரர் ரத்தம் ஊறுவதற்கான இரும்புச்சத்து மாத்திரை என்று நினைத்துக்கொண்டு, பல் தொற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோலைக் கொடுத்துவிட்டார். அது வார்ஃபரின் வகை மருந்தின் வேகத்தை ஏற்றிவிடும்.

10/
கணக்குப் பாருங்கள். ஒரே வாரம். ஒரே சொல். மூன்று பேர்.

மருந்துக்கடைக்காரர்: ரத்த மாத்திரை = இரும்புச்சத்து.
தையல் போட்ட மருத்துவர், அப்புறம் நான்: ரத்த மாத்திரை = பிரஷர்.
வீட்டுக்காரர்கள்: ரத்த மாத்திரை = ரத்தம் உறையாமல் தடுப்பது.

மூன்று பேரும் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பதில் கிடைத்தது. யாரும் அலட்சியமாக இல்லை. 'கேட்கவே இல்லை' என்றால் திட்டலாம். கேட்டும் இப்படி ஆனால் யாரைத் திட்டுவது?

11/
இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இது நம்மூர்ப் பேச்சுவழக்கின் கோளாறா? படித்தவர்கள் இருக்கும் இடத்தில் நடக்காதா?

தேடிப் படித்தேன். தகவல் அமைப்புகளை ஆராய்பவர்கள் இதைப் பற்றி ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1987-இல் அமெரிக்காவில் ஃபர்னஸ் என்பவரும் அவரது சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொருளைக் காட்டி 'இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?' என்று தனித்தனியாகக் கேட்டால், இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். இதைச் 'சொல் பிரச்சினை' என்றே அழைத்தார்கள்.

12/
அதற்கும் முன்னால் போகலாம். 1839-இல் இங்கிலாந்தில் இறப்புக் கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார் என்ற மருத்துவர் இதே புலம்பலைத் தன் அறிக்கையில் எழுதினார். ஒரு நோய்க்கு மூன்று நாலு பெயர், ஒரு பெயருக்கு மூன்று நாலு நோய். இப்படி இருந்தால் எதை வைத்து எண்ணுவது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்தக் கவலையில் இருந்து வளர்ந்ததுதான் இன்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் ஐசிடி என்ற நோய்ப் பட்டியல். அதன் முதல் வடிவம் 1893-இல் வந்தது. 11-ஆவது வடிவம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு. ஆக, இது நம்மூர் ஆத்தாக்களின் கோளாறு இல்லை.

13/
இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சரிசெய்ய வந்த துறைக்கே இந்த நோய் உண்டு.

'இ-ஹெல்த்' என்றால் என்ன? கனடாவில் சிலர் 2005-இல் இதற்கு எத்தனை விளக்கம் அச்சில் இருக்கிறது என்று எண்ணினார்கள். 51. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டே விஷயங்கள்: உடல்நலம், தொழில்நுட்பம்.

'இஎம்ஆர்', 'இஎச்ஆர்', 'பிஎச்ஆர்' என்று மூன்று சொற்களை ஆளாளுக்கு ஒரு பொருளில் பயன்படுத்தியதால், 2008-இல் அமெரிக்க அரசே ஒரு குழுவை வைத்து இவற்றுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது.

14/
சரி, அந்த 'பிஎச்ஆர்' நம்மூருக்கு வந்து என்ன ஆச்சு?

மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவத் திட்டத்தில் பிஎச்ஆர் என்றால் 'பர்சனல் ஹெல்த் ரெக்கார்ட்'. அதாவது உங்கள் மருத்துவக் குறிப்பை நீங்களே உங்கள் போனில் வைத்துக்கொள்வது.

தமிழ்நாட்டு சுகாதாரத் துறையில் பிஎச்ஆர் என்றால் 'பாப்புலேஷன் ஹெல்த் ரெஜிஸ்ட்ரி'. அதாவது ஊரில் உள்ள எல்லோரையும் பற்றி அரசு வைத்திருக்கும் பதிவேடு.

ஒன்று என் கையில் இருக்கும் என் குறிப்பு. இன்னொன்று அரசு கையில் இருக்கும் ஊர்க்கணக்கு. இரண்டுக்கும் ஒரே மூன்றெழுத்து. "பிஎச்ஆர்ல ஏத்தியாச்சா?"னு யாராவது கேட்டால், எந்த பிஎச்ஆர் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

15/
அடுத்தது கார்டு. இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

"கார்டு இருக்கா?" என்று கவுண்டரில் கேட்பார்கள். அவர்கள் கேட்பது காப்பீட்டு அட்டை. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீடும் இதோடுதான் சேர்ந்து நடக்கிறது.

ஆனால் பலர் நீட்டுவது 'ஆபா' கார்டு. அதில் 14 இலக்க எண் இருக்கும். மேலே 'ஆயுஷ்மான்' என்ற சொல்லும் இருக்கும். அது காப்பீடு கிடையாது. உங்கள் மருத்துவக் குறிப்புகளை ஒன்றாக இணைப்பதற்கான அடையாள எண், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு ரூபாய் கூடப் பில்லில் குறையாது.

2020-இல் அறிவித்தபோது அதற்கு 'ஹெல்த் ஐடி' என்று பெயர். பிறகு மாற்றினார்கள். பழைய பெயரே தெளிவாக இருந்ததோ என்று சில சமயம் தோன்றும்.

16/
'வாதம்' கதையையும் சொல்லிவிடுகிறேன். என்னை ஏமாற்றிய இரண்டாவது சொல் அதுதானே.

பக்கவாதம்: மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டோ ரத்தக் கசிவு ஏற்பட்டோ வருவது.
முடக்குவாதம்: மூட்டுகளின் சவ்வைப் பாதிப்பது.
இளம்பிள்ளை வாதம்: போலியோ.
வாதக் காய்ச்சல்: இதய வால்வைக் கெடுப்பது.

நாலும் நாலு நோய். நாலுக்கும் வேறு வேறு சிகிச்சை. சித்த மருத்துவத்தில் வாதம் என்பது உடலின் மூன்று அடிப்படைகளில் ஒன்று. அங்கே அதன் பொருள் முற்றிலும் வேறு. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களையும் ஐசிடி-11-இல் தனிப் பகுதியாகச் சேர்த்தது. அவர்களுக்குள்ளும் பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது.

"வாதம் உண்டு தாயி"ன்னு ஒருவர் சொன்னால் "எந்த வாதம்மா? எங்க வந்துச்சு? எந்த வயசுல?" என்று மூன்று கேள்வி பாக்கி இருக்கிறது.

17/
"எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டா பிரச்சினை தீர்ந்திடுமே டாக்டர்?"

ஒரு சாஃப்ட்வேர் தம்பி என்னிடம் கேட்டது. அவர் பக்கமும் நியாயம் இருக்கு. குறியீடு இல்லாவிட்டால் எண்ண முடியாது, தேட முடியாது, ஓர் ஆஸ்பத்திரிக் குறிப்பை இன்னோர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் படிக்க முடியாது.

ஆனால் அன்று ராத்திரி நான் டிக் செய்ததும் குறியீடுதான். ரத்த அழுத்தத்துக்கு உரிய, சுத்தமான, சர்வதேசக் குறியீடு. தப்பான நோய்க்குச் சரியான குறியீடு. கையால் எழுதிய சீட்டில் இருந்தவரை அது ஒருவரின் ஊகம். கம்ப்யூட்டரில் ஏறியதும் அதுவே உண்மை ஆகிவிட்டது. அடுத்து அதைப் பார்ப்பவர் சந்தேகப்படவே மாட்டார். நான் அந்தச் சீட்டைச் சந்தேகப்படாத மாதிரி.

18/
இன்னொரு ஆபத்தான சொல் 'இல்லை'.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் தம்பியிடம் ஒருநாள் கேட்டேன்: "எல்லாருக்கும் 'மருந்து ஒவ்வாமை இல்லை'ன்னே இருக்கே, நிஜமாவே கேட்டீங்களா?"

"கட்டம் காலியா இருந்தா சேவ் ஆகாது டாக்டர். வெளிய ஐம்பது பேர் நிக்கிறாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை அமைத்தவருக்கு, எல்லாத் தகவலும் நிரம்ப வேண்டும். தம்பிக்கு, வரிசை நகர வேண்டும். எனக்கோ 'கேட்டோம், இல்லை' என்பதும் 'கேட்கவே இல்லை' என்பதும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். மூன்று பேர் தேவையும் நியாயம். ஆனால் கட்டம் ஒன்றுதான்.

19/
தகவல் அமைப்பு என்றால் என்ன என்பதற்கே 30-க்கும் மேற்பட்ட விளக்கங்களை 2015-இல் இரண்டு ஆய்வாளர்கள் அடுக்கிப் பார்த்தார்கள். நான்கு பார்வைகள் தெரிந்தன. சிலருக்கு அது இயந்திரம். சிலருக்கு அது மனிதர்கள். சிலருக்கு இரண்டும் பின்னிக் கிடப்பது. சிலருக்கு அது ஒரு வேலை நடக்கும் முறை.

படித்தபோது இது பேராசிரியர்கள் சண்டை என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. இயந்திரத்தை மட்டும் பார்த்தால் எங்கள் தகவல் அமைப்பில் கோளாறே இல்லை. சர்வர் ஓடியது, கட்டம் நிரம்பியது, சேவ் ஆனது. சேலை மாற்றிய சிஸ்டரின் கண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறும் தெரிகிறது, அது சரியான விதமும் தெரிகிறது. அவர் பார்த்ததை எழுத எங்கள் திரையில் ஒரு கட்டம் கூட இல்லை.

20/
தினமும் கேட்கும் வேறு சில சொற்கள். உங்கள் வீட்டிலும் புழங்கும்.

"சுகர் இல்ல டாக்டர், நார்மலாயிடுச்சு." மாத்திரை சாப்பிடுவதால் நார்மல். நோய் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவார்கள். மூன்று மாதத்தில் காலில் புண்ணோடு வருவார்கள்.

"எனக்கு பிபி இருக்கு." உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் பிபி இருக்கும். அதிகமா, குறைவா என்பதே கேள்வி.

"ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு, நல்லதுதானே?" நோய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று பொருள். இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கிச் சொல்லும் அந்த நிமிடம் கொடுமை.

21/
"இது எத்தனாவது பிள்ளை?"

"ரெண்டாவதுங்க."

நடுவில் ஒரு கரு கலைந்திருக்கும். அவர் கணக்கில் அது பிள்ளை இல்லை. எங்கள் கணக்கில் இது மூன்றாவது கர்ப்பம். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால், அந்தக் கலைந்த கருவும் கணக்கில் வந்தே ஆக வேண்டும். அப்போது போட வேண்டிய ஊசி போட்டார்களா என்று தெரியாவிட்டால் இப்போது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து வரலாம்.

'பிள்ளை' என்று கேட்காமல் "எத்தனை தடவை மாசமா இருந்தீங்க, கலைஞ்சதையும் சேர்த்து?"ன்னு கேட்டால் ஒரே நிமிடத்தில் விஷயம் வந்துவிடும். மாமியார் கூட நின்றால் அதற்கும் பதில் மாறும். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நான் கேட்பேன்.

22/
சரி, என்ன செய்யலாம்?

மக்களை 'சரியான சொல் பேசுங்கள்' என்று திருத்துவது நடக்காத காரியம். தேவையும் இல்லை. ஃபர்னஸ் குழு 1987-இலேயே சொன்ன தீர்வும் அதுதான்: மனிதர்களை ஒரே சொல்லுக்கு மாற்ற முயலாதே, ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் அமைப்பு ஏற்றுக்கொள்ளட்டும்.

இப்போது நான் நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோளில் எழுதுகிறேன். அதன் பக்கத்தில் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் தப்பாகப் புரிந்திருந்தாலும் அடுத்து படிப்பவருக்கு அசல் வார்த்தை கிடைக்கும். இரண்டு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

23/
நீங்கள் செய்ய வேண்டியது, இன்று ராத்திரியே:

1. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரையின் மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். 'ஒரு மாத்திரை' என்று எழுதாதீர்கள். ஒரே மருந்து 1 மில்லிகிராமிலும் வரும், 4 மில்லிகிராமிலும் வரும்.
2. பக்கத்தில், எதற்காகச் சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள்.
3. செய்த ஆபரேஷன்கள், தோராயமான வருடத்தோடு.
4. ஒவ்வாமை இருந்தால் எந்த மருந்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். தடிப்பா, மூச்சுத் திணறலா, வெறும் வயிற்றெரிச்சலா?
5. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, என்று எடுத்தது என்பதும் வேண்டும்.

24/
அந்தத் தாளைப் போனில் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்புங்கள். காப்பீட்டு அட்டை வைக்கும் கவரிலேயே ஒரு நகல்.

கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடமோ கடையிலோ கேட்டால் வாயால் சொல்லாதீர்கள், காட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் வலிக்கோ காய்ச்சலுக்கோ தாங்களாக மாத்திரை வாங்க வேண்டாம். தலையில் சின்ன அடி என்றாலும், நன்றாகப் பேசினாலும், உடனே ஆஸ்பத்திரி.

25/
என் சக மருத்துவர்களுக்கு ஒரு வரி: பதில் கிடைத்தவுடன் பேனாவை எடுக்காதீர்கள். "எந்த?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்க ஒரு தழும்பு தேவைப்பட்டது.

26/
போன மாதம் அந்த அம்மா ராஜபாளையம் கிளினிக்குக்கு வந்தார். மகன் கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அம்மா கையில் ஒரு சின்ன டைரி. பேத்தி எழுதியது. முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், மில்லிகிராம், ஐஎன்ஆர் தேதிகள், எல்லாம் பிசகில்லாமல்.

"இப்ப என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?"னு சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"ரத்த மாத்திரைதான் தாயி" என்றார். சொல்லிவிட்டு டைரியை என் பக்கம் தள்ளினார்.

27/
உங்கள் ஊரில் 'ரத்த மாத்திரை' என்றால் எது? 'வாதம்' என்றால் எது? கமெண்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். சேர்த்து வைத்து, புதிதாக ட்யூட்டிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வெளியூரில் படித்துவிட்டு இங்கே முதல் நாள் உட்காரும் பிள்ளைகளுக்கு இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.